ஒப்புக்குச் சப்பாணி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அரையாண்டுத் தேர்வு, விளையாட்டு விழா என்று வீடே இரண்டுபட்டதில் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

அந்த விளையாட்டு விழாவைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சின்னவளின் வகுப்பில் 40 பிள்ளைகள். ஒரு மாதத்துக்கு முன்பே எல்லோரையும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்து 8 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மற்ற 32 பேரும் விழா நாளன்று காலையிலிருந்து மதியம் வரை பந்தலுக்குள் உட்கார்ந்து கைதட்டினார்கள். இவளும் அதில் ஒருத்தி. ஓடித் தோற்றிருந்தால் எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது. ஓடவே விடவில்லையே! ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மைதானம் என்பது வேடிக்கை பார்க்கும் இடமா?

அன்று ராத்திரி உன் தம்பியின் ஞாபகம்தான் வந்தது. நம் தெருவில் கல்லா மண்ணா ஆடும்போது அவனுக்கு நாலு வயது இருக்குமா? விரட்டவும் தெரியாது, ஓடவும் தெரியாது. ஆனாலும் அவனை வீட்டுக்குப் போ என்று யாரும் சொன்னதில்லை. "அவன் ஒப்புக்குச் சப்பாணி" என்று சேர்த்துக்கொள்வோம். அவனைத் தொட்டாலும் அவுட் கிடையாது. எந்த டீச்சரும் விசிலோடு வந்து நமக்கு இதைச் சொல்லித்தரவில்லை. சின்னப் பிள்ளை அழக்கூடாது, ஆட்டமும் கெடக்கூடாது என்று நம்மைப் போன்ற பிள்ளைகளே என்றைக்கோ கண்டுபிடித்த வழி அது.

அப்புறம் ஒருநாள் அவனே வந்து, "இனிமே நான் சப்பாணி இல்ல, என்னையும் அவுட்டாக்கணும்" என்றானே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு முதலில் பிடிபட்டதே அவன்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பிடிக்க வந்தான்!

போன மாதம் எங்கள் வீட்டிலும் அதே மாதிரி ஒன்று நடந்தது. சின்னவளுக்கு இப்போது கேரம் பைத்தியம். 2024 நவம்பரில் சென்னைப் பெண் காசிமா அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் 3 தங்கம் வென்றாள் அல்லவா, ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள்? அந்தப் படத்தைப் பேப்பரிலிருந்து வெட்டி அலமாரியில் ஒட்டியிருக்கிறாள். இவர் அவளோடு ஆடும்போது வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பார். அன்று சிவப்பைப் போட்டுவிட்டு, குழியோரத்திலேயே இருந்த ஃபாலோ காயைத் தவறவிட்டார். சிவப்பு திரும்பப் பலகைக்கு வந்தது. அவள் ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா, நீங்க நெஜமா ஆடல. அப்பத்தா மட்டுந்தான் என்கூட நெஜமா ஆடுறாங்க" என்று எழுந்து போய்விட்டாள். இவர் முகம் வாடிவிட்டது. பாசத்தில் செய்ததுதான், எனக்கும் தெரியும். ஆனால் அவளைக் கேட்காமலே நாம் அவளை இன்னும் சப்பாணியாக வைத்திருந்திருக்கிறோம்.

அவள் சொன்னது உண்மைதான். தாயத்தில் அத்தை ஒரு காயைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள். வராந்தாவில் சாக்பீஸால் கட்டம் போட்டு, அவர்களுக்குப் புளியங்கொட்டை, இவளுக்கு வளையல் துண்டு. விழா முடிந்து வந்த அன்று சாயங்காலம் இவள் 11 தடவை உருட்டியும், காயை இறக்கத் தேவையான தாயம், அதாவது ஒன்று, விழவில்லை. இரண்டு கட்டையும் 16 விதமாக விழலாம், அதில் 2 விதம்தான் தாயம் என்று இவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. ஒருவழியாக இறங்கி, வெட்ட முடியாத மலைக் கட்டத்துக்கு ஒரு கட்டம் முன்னால் நின்ற காயை அத்தை வெட்டிவிட்டார்கள். இவள் கண் கலங்கிவிட்டது. அத்தை கட்டைகளை அவள் கையில் வைத்து, "வெட்டுப்பட்டா என்னடி, மறுபடி தாயம் போட்டு இறங்கு" என்றார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உருட்டினாள். ராத்திரி சாப்பாடு ஆறிப்போகும் வரை ஆட்டம் நடந்தது. ஜெயித்தது அத்தைதான்.

அடுத்த வருடமாவது எல்லாப் பிள்ளைகளையும் ஓடவிடுங்கள், பதக்கம் மூன்று பேருக்கே இருக்கட்டும் என்று பள்ளிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் நாலைந்து அம்மாக்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பார்க்கலாம்.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாயே, உன் அம்மாவின் பித்தளைத் தாயக்கட்டையைக் கொண்டுவா. எங்களுடையதில் புள்ளிகள் தேய்ந்து, இரண்டா மூன்றா என்று தினமும் சண்டை. தம்பியையும் கூட்டிக்கொண்டு வா. அவன் கதையைக் கேட்டதிலிருந்து சின்னவள் அவனுக்கென்று ஒரு பச்சை வளையலை உடைத்துக் காய் எடுத்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
உன் பழைய தெருத்தோழி