வாசலிலிருந்து பெட்டி வரை ஒரே வழி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வுக்குப் பிறகும் ஒரு ரயில் நிலையத்தின் புதுப்பிப்புத் திட்டத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் பொறுப்பு உங்களைத் தேடி வந்திருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. என் பக்கத்துச் செய்தி, முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து இப்போது ஊன்றுகோலுடன் நடமாடுகிறேன் என்பதுதான். கைப்பிடி எங்கே தொடங்குகிறது, எங்கே திடீரென்று முடிந்துவிடுகிறது என்பதையெல்லாம் இப்போது நன்றாகக் கவனிக்கிறேன். ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் எழுதும் தகுதி எனக்குச் சற்றுக் கூடியிருப்பதாகவே நினைத்துக்கொள்கிறேன்.

வரைபடத்தில் முதலில் எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். வசதிகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டாம் என்பேன். சாய்தளம் உண்டா, மின்தூக்கி உண்டா, அகலமான கழிவறை உண்டா என்று குறியிட்டுக்கொண்டே போனால் எல்லாம் இருக்கும். ஆனாலும் சக்கர நாற்காலியில் வரும் ஒருவரால் சாலையிலிருந்து பெட்டிக்குள் போய்ச் சேர முடியாமல் போகலாம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற சரிவில் ஒழுங்காக அமைத்த சாய்தளத்தின் உச்சியில், மழைநீர் உள்ளே வராமலிருக்க விட்ட ஒரு சிறு படி போதும், அதற்கு அப்பால் செலவிட்டதெல்லாம் அவரைப் பொறுத்தவரை வீண்தான். அதனால் வாசலில் தொடங்கிப் பெட்டியின் இருக்கை வரை விரலை எடுக்காமல் ஒரே கோடாக இழுத்துப் பாருங்கள். கோடு எங்கே அறுந்தாலும் அந்த இடத்தில்தான் உங்கள் முதல் கேள்வி இருக்கிறது.

நடைமேடையின் விளிம்புக்கு வருவோம். பார்வையற்றோர் காலாலும் கோலாலும் உணர்ந்து நடப்பதற்கான புடைப்புத் தரைக்கற்களை ஜப்பானில் செய்ஈச்சி மியாகே 1965-இல் உருவாக்கினார். 1967-இல் ஒகயாமா நகரத்துத் தெருவில்தான் அவை முதன்முதலில் பதிக்கப்பட்டன. நீண்ட கோடுகள் கொண்ட கல் ‘இந்தத் திசையில் செல்’ என்கிறது. வட்டப் புள்ளிகள் கொண்ட கல் ‘நில், முன்னால் ஏதோ இருக்கிறது’ என்கிறது. இதில் ஒரு நுணுக்கத்தை நம்மில் பலர் யோசித்ததே இல்லை. நெரிசலில் திசை குழம்பிப்போன ஒருவர் புள்ளிகளை மிதித்தவுடன் விளிம்பு அருகில் என்று அறிவார். ஆனால் அது தமக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று புள்ளிகள் மட்டும் சொல்லாது. பின்வாங்குவதாக எண்ணித் தண்டவாளத்தை நோக்கி ஓரடி வைத்துவிட வாய்ப்புண்டு. இதற்காகவே ஜப்பானிய நடைமேடைகளில் புள்ளிக் கற்களின் உட்புறமாக ஒரு நீள்கோட்டைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். கோடு இருக்கும் பக்கம் பாதுகாப்பான பக்கம். செலவு மிகக் குறைவு. அது காப்பதோ உயிரை. உங்கள் வரைபடத்தில் அந்தக் கோடு இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். கற்களின் நிறத்தையும் விட்டுவிடாதீர்கள். தரையின் அழகு கெடுகிறது என்று மஞ்சளைச் சாம்பலாக மாற்றச் சொல்லும் கட்டடக் கலைஞர்கள் இருக்கிறார்கள். மங்கிய பார்வை மிச்சமிருக்கும் பெரும்பான்மையினருக்கு அந்த நிற வேறுபாடே வழிகாட்டி என்பதை அவர்களிடம் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு அந்தப் பொறுமை எப்போதும் குறைவு; உங்களுக்கு உண்டு.

விளிம்பில் கதவுகளே வைத்துவிடலாமே என்று யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். லெனின்கிராடில் 1961 முதலே சில சுரங்க நிலையங்களைச் சுவரும் கதவுமாகக் கட்டினார்கள். சிங்கப்பூரில் 1987-இல் சுரங்க ரயில் தொடங்கியபோதே நிலத்தடி நிலையங்களை முழு உயரக் கதவுகளுடன் தொடங்கினார்கள். விழுவதையும் தள்ளப்படுவதையும் இதைவிட உறுதியாகத் தடுக்கும் வழி வேறில்லை. ஆனால் பழைய நடைமேடையின் விளிம்பு அந்த எடையைத் தாங்குமா, வரும் ரயில்களின் கதவுகள் எல்லாம் ஒரே இடத்தில் நிற்குமா என்ற இரண்டுக்கும் முதலில் விடை வேண்டும். பல வகைப் பெட்டிகள் வந்து போகும் நிலையத்தில் இரண்டாவது கேள்விதான் திட்டத்தை நிறுத்திவைக்கும்.

பெட்டிக்கும் நடைமேடைக்கும் உள்ள இடைவெளியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வளைந்த நடைமேடையில் அதை முற்றிலும் ஒழிக்க முடியாது. பெட்டி நேரானது, வளையாது. வளைவின் உட்புறத்தில் நடைமேடை இருந்தால் பெட்டியின் இரு முனைகளிலும், வெளிப்புறத்தில் இருந்தால் நடுவிலும் இடைவெளி விரியும். ஊழியர் கொண்டுவந்து போடும் பலகையை நம்பி இருந்தால், அந்த ஊழியர் வராத நாளில் பயணி வண்டியைத் தவற விடுவார். புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு இருக்கும் ஒரே நல்ல தீர்வு, நடைமேடையை நேராக அமைத்து அதன் உயரத்தைப் பெட்டியின் தளத்தோடு ஒன்றாக்குவதுதான்.

மின்தூக்கி விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். ஒரு நடைமேடைக்கு ஒரே ஒரு மின்தூக்கி என்றால், அது பழுதாகும் நாளில் நிலையம் மூடப்பட்டதற்குச் சமம். அதைவிட மோசம், ஏற்கெனவே உள்ளே இருப்பவர் அங்கேயே அகப்பட்டுக்கொள்வார். இரண்டு வேண்டும். இடமில்லை என்றால், பழுதுச் செய்தி பயணி வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே அவருக்குத் தெரியும் ஏற்பாடாவது வேண்டும்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. 1987 நவம்பர் 18 அன்று லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில், மரத்தாலான நகரும் படிக்கட்டின் அடியில் விழுந்த ஒரு தீக்குச்சியால் தீ மூண்டது. படிக்கட்டு அமைந்த சரிவான பள்ளத்தில் தீ படிகளோடு ஒட்டிப் படுத்தபடியே மேலேறி, பயணச்சீட்டுக் கூடத்துக்குள் திடீரென்று பாய்ந்தது. 31 பேர் இறந்தார்கள். மரம் போயிற்று, புகைபிடிப்பதும் போயிற்று. ஆனால் தீ விபத்தில் மின்தூக்கியைப் பயன்படுத்தாதீர்கள் என்ற பலகை எங்கும் தொங்குகிறதே, மின்தூக்கியில் இறங்கி வந்தவர் அப்போது எவ்வழியே வெளியேறுவது? எளிதாக உள்ளே வரவழைக்கும் ஏற்பாடும் பாதுகாப்பாக வெளியேற்றும் ஏற்பாடும் பெரும்பாலும் வெவ்வேறு மேசைகளில் தயாராவதால்தான் இந்தப் பயணிக்கு விடை கிடைப்பதில்லை. தீயையும் புகையையும் தடுக்கும் சுவர்கள் சூழ்ந்த ஒரு காத்திருப்பு இடம், அங்கிருந்து கட்டுப்பாட்டு அறையோடு பேசும் கருவி, தனி மின்னிணைப்புள்ள ஒரு வெளியேற்ற மின்தூக்கி ஆகிய மூன்றும் திட்டத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று கேளுங்கள். குழுவில் அமைதி நிலவினால், நீங்கள் அங்கு இருப்பதற்கான காரணம் விளங்கிவிடும்.

நெரிசலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017 செப்டம்பர் 29 அன்று மும்பை எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலைய நடைமேம்பாலத்தின் படிக்கட்டில் 23 பேர் நெரிசலில் உயிரிழந்தார்கள். கனமழைக்கு ஒதுங்கியவர்கள் கீழே இறங்காமல் நிற்க, அடுத்தடுத்து வந்த ரயில்கள் மேலும் மேலும் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தன. படிக்கட்டின் அகலத்தைக் கணக்கிடுகிறவர்கள் மக்கள் நடந்துகொண்டே இருப்பார்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மழை பெய்தால் நிற்பார்கள். படிக்கட்டு முடியும் இடத்துக்கு அப்பாலும் கூரையை நீட்டச் சொல்லுங்கள். கடைகளையும் பயணச்சீட்டு இயந்திரங்களையும் படிக்கட்டின் வாயிலிருந்து விலக்கச் சொல்லுங்கள்.

அறிவிப்புகளைக் காதுக்கு மட்டுமோ கண்ணுக்கு மட்டுமோ வைக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. நடைமேடை கடைசி நேரத்தில் மாறும்போதும் இரண்டும் ஒன்றாகவே மாற வேண்டும்.

வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைப்பதற்கு முன், பார்வையற்ற ஒருவரையும் சக்கர நாற்காலியில் செல்லும் ஒருவரையும் இப்போதைய நிலையத்தில் உங்களோடு அழைத்துச் செல்லுங்கள். கட்டி முடித்தபின் அழைத்தால் அவர்களால் குறை மட்டுமே சொல்ல முடியும். முடிந்தால் நடைமேடையின் குறுக்குவெட்டு வரைபடத்தை எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்