பலகையில் இருப்பது நாமக்கோழி இல்லை

எங்கள் ஏரிக்கரையில் பறவைப் பலகை வைத்த அலுவலர்களுக்கு,

வணக்கம். மாதவரம் பக்கம் தினமும் விடியற்காலையில் ஏரிக்கரையில் நடக்கிறவன் நான். பலகைக்கு முதலில் நன்றி. அதுவரை எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நீரில் மிதப்பதெல்லாம் 'தண்ணிக்கோழி'தான். ஆனால் மூன்றாவது படத்தில் தாழைக்கோழியைப் போட்டுவிட்டுக் கீழே நாமக்கோழி என்று எழுதியிருக்கிறீர்கள்.

பெயரிலேயே விடை இருக்கிறதே! நாமக்கோழிக்கு நெற்றியில் வெள்ளை நாமம், அலகும் வெள்ளை. உங்கள் படத்துப் பறவைக்கு நெற்றி குங்குமச் சிவப்பு. அலகும் சிவப்பு, நுனி மட்டும் மஞ்சள். விலாவில் சுண்ணாம்பைத் தொட்டு இழுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. தூரத்தில் நிறம் தெரியவில்லையா, நடத்தையைப் பாருங்கள். தாழைக்கோழி தலையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே நீந்தும். வாலை வெடுக்கென்று தூக்கும்போது அடியில் வெள்ளை பளிச்சிடும். கரையோரப் புல்லை விட்டு அதிகம் விலகாது. நாமக்கோழியோ நடு ஏரியில் முங்கி முங்கி எழும்.

சரி, பெயர்கூடப் போகட்டும். 'குளிர்கால விருந்தாளி' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் வம்பு. தாழைக்கோழி வருடம் முழுக்க இங்கேயே குடியிருக்கிறது. சம்புப் புதருக்குள், தண்ணீரை ஒட்டிக் கூடு கட்டும். ஆணும் பெண்ணும் மாறி மாறி மூன்று வாரம் அடைகாக்கும். முந்தின ஈட்டுக் குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்ததும் தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்டுவதும் உண்டு. நம் வீட்டு அக்காமார் மாதிரிதான்.

போன வருடம் ஆகாயத்தாமரையை எடுக்க வந்த பொக்லைன், கரையோரச் சம்பையும் சேர்த்து வழித்துப்போட்டது. "கூடு இருக்கு தம்பி" என்றேன். ஓட்டுநர் உங்கள் பலகையைக் கை காட்டினார்: "அதெல்லாம் பனியோட போயிடும்னு போட்டிருக்கே, சார்." அவர் மேல் தப்பில்லை. மறுநாள் சிவந்த மொட்டைத் தலையோடு இரண்டு கருங்குஞ்சுகள் மதகுக் கல்லடியில் ஒண்டிக்கிடந்தன. மற்றவற்றைக் காணோம்.

ஆகாயத்தாமரையைத் தாராளமாக எடுங்கள். கரையோரச் சம்பை மட்டும் ஒரு பக்கமாவது விட்டுவையுங்கள். அப்புறம், புதுப் பலகை எதுவும் வேண்டாம். பெயருக்கு ஒன்று, அந்த வரிக்கு ஒன்று, இரண்டு ஸ்டிக்கர் போதும். ஏணி வேண்டுமென்றால் எதிரே டீக்கடை அண்ணன் தருகிறேன் என்றிருக்கிறார்.

இப்படிக்கு,
காலை நடைக்காரன்