முதலில் பணம், பிறகுதான் கடா

அன்புள்ள தேவராஜ்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை அமைந்ததில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம்.

வேதபாட வகுப்பில் லேவியராகமம் நடத்துகிறாயாமே. குற்றநிவாரண பலிக்கும் பாவநிவாரண பலிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், 6-ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்கு. ஒப்படைத்த பொருளை ஒருவன் அமுக்கிக்கொண்டு, பொய்ச்சத்தியமும் செய்துவிட்டு, பிறகு ஒப்புக்கொள்கிறான். அமுக்கிய முதலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஐந்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டும், குற்றநிவாரண பலியாகப் பழுதற்ற ஆட்டுக்கடாவும் வேண்டும்.

அந்த ஐந்தில் ஒன்றை நம்மவர்கள் 20 சதவீதம் என்று போட்டுவிடுவார்கள். ரபிமார், அதாவது யூத வேத அறிஞர்கள், போடும் கணக்கு வேறு. கூட்டி வரும் மொத்தத்தில்தான் அது ஐந்தில் ஒன்று. 4 காசுக்கு 5 கொடுக்க வேண்டும். கூடுதல் பங்கைக் கொடுத்தாயிற்று என்று மறுபடி பொய்ச்சத்தியம் செய்தால், அதுவே முதலாகி அதற்கும் ஐந்தில் ஒன்று ஏறும். ஒரு பெருத்தாவுக்கு, அதாவது அவர்களுடைய சல்லிக்காசுக்கு, கீழே இறங்கும்வரை விடமாட்டார்கள்!

பலரும் தவறுவது வரிசையில்தான். அந்த ரபிமாரின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், பாபா காமா என்ற பகுதியின் 9-ஆம் அதிகாரம் கறாராகச் சொல்கிறது: பணம் முந்தி, கடா பிந்தி வந்தால் செல்லும், கடா முந்தினால் செல்லாது. கூடுதல் பங்கு மட்டும் பாக்கி என்றால் பலிக்குத் தடையில்லை. பறிகொடுத்தவன் தூரதேசமான மேதியாவில் இருந்தாலும் தேடிப்போக வேண்டும். அவன் மகனிடமோ ஆளிடமோ கொடுத்தால் போதாது. நீதிமன்றத்தின் ஆளிடம் கொடுக்கலாம். பறிகொடுத்தவன் இறந்திருந்தால் வாரிசுக்கு. வாங்கிக்கொள்ள இனத்தானே இல்லையென்றால் ஆசாரியனுக்கு என்கிறது எண்ணாகமம் 5:8.

யாத்திராகமம் 22-இல் பிடிபட்ட திருடனுக்கு இரட்டிப்பு. ஆட்டை விற்றிருந்தால் நாலு மடங்கு, மாட்டுக்கு ஐந்து மடங்கு. தானே வந்து சொல்பவனுக்கு மட்டும் இந்தச் சின்னக் கூடுதல். வாயைத் திறக்க வைக்கத்தான் இந்தச் சலுகை என்பது என் எண்ணம்.

பாவநிவாரணத்தில் இன்னொரு சலுகை உண்டு. 5-ஆம் அதிகாரத்துக் குற்றங்களுக்கு ஆடு முடியாதவன் இரண்டு புறா கொண்டுவரலாம். அதுவும் முடியாதவன் எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மா, சுமார் 2 லிட்டர், எண்ணெயும் தூபவர்க்கமும் இல்லாமல். குற்றநிவாரணத்துக்கோ கடாவேதான்; அதுவும் அதன் விலை 2 சேலாவுக்கு, அதாவது இரண்டு வெள்ளிக்காசுக்கு, குறையக்கூடாது. இரத்தமும் வேறுமாதிரி: பாவநிவாரண ஆட்டின் இரத்தத்தைப் பலிபீடத்தின் கொம்புகளில் விரலால் பூசுவார்கள், குற்றநிவாரணக் கடாவின் இரத்தத்தைப் பலிபீடத்தின்மேல் சுற்றிலும் தெளிப்பார்கள்.

வகுப்பு முடியுமுன் மத்தேயு 5:23-24 வாசிக்கச் சொல். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொல்வதும் இதே வரிசைதான்.

அன்புடன்,
பொன்ராஜ்