பழைய வீட்டை இடிக்க வேண்டாம், தங்கும் அறைகளாக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் கடிதம் பகுதியில் மயிலாப்பூர் மாட வீதிகளில் மிச்சமிருக்கும் பழைய வீடுகளைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். ஒழுகுகிற கூரையையும் விரிசல் விட்ட சுவரையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது, இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டினால் நாலு குடும்பம் வாழுமே, பழமையைப் பாதுகாப்பதெல்லாம் பணக்கார நாடுகளின் ஆடம்பரம் என்று கேட்டிருந்தார். அவர் கஷ்டம் எனக்குப் புரிகிறது. நானும் திருவல்லிக்கேணியில் பழைய வீட்டில் பிறந்து வளர்ந்தவள்தான், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கூடத்தில் அண்டாவும் குண்டானும் வைத்து ஒழுக்குத் தண்ணீர் பிடித்த வீடுதான் எங்களுடையதும். ஆனால் ஆடம்பரம் என்று சொன்னாரே, அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் சமீபத்தில் இத்தாலியில் ஒரு மலையூரில், மிகச் சாதாரணமான ஓட்டலில், பென்ஷன் பணத்தில் தங்கிவிட்டு வந்திருக்கிறேன்.

ஊர் பெயர் ஓர்வியேட்டோ. ரோமிலிருந்து சாதாரண ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். என் தங்கை மகன் ரோமில் படிக்கிறான், அவனைப் பார்க்க நானும் தங்கையும் போயிருந்தோம். "பெரியம்மா, இங்கே ஒரு ராத்திரிக்குக் கொடுக்கிற காசில் அங்கே ரெண்டு ராத்திரி இருக்கலாம், ஊரும் அமைதியா இருக்கும்" என்று அவன்தான் அந்த ஓட்டலில் அறை போட்டுக் கொடுத்தான். இருவருக்கும் சேர்த்து ஒரு இரவுக்கு 65 யூரோ, அப்போதைய மதிப்பில் நம் பணத்தில் கிட்டத்தட்ட 6,000 ரூபாய். குறைவு என்று சொல்லமாட்டேன், ஆனால் முகூர்த்த நாளில் தி.நகரில் சுமாரான ஓட்டலுக்கும் அதைத்தான் கேட்கிறார்கள்.

ரயில் நிலையம் கீழே சமவெளியில் இருக்கிறது, பழைய ஊர் மேலே எரிமலைக் கல்லால் ஆன ஒரு பெரும் பாறையின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டேஷனுக்கு எதிரிலேயே மேலே போகிற வண்டி நிற்கிறது, நம் பழனி மலை விஞ்ச் மாதிரிதான். 1888-ல் இதைத் தொடங்கியபோது மின்சாரம் கிடையாது. ஒரே வடத்தில் கட்டிய இரண்டு பெட்டிகள், மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீரை நிரப்புவார்கள், அந்தப் பாரத்தில் அது கீழே இறங்கும்போது கீழே உள்ள பெட்டியை மேலே இழுத்துவிடும். 1970-ல் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதோடு பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாமல் 1990-ல் அதே பாதையில் மின்சாரத்தில் மறுபடி ஓடவிட்டார்கள். கார்களுக்கு மலையடிவாரத்தில் நிறுத்துமிடம் கட்டி, அங்கிருந்து ஊருக்குள் ஏற லிஃப்டும் நகரும் படிக்கட்டும் வைத்திருக்கிறார்கள். ஊருக்குள் கண்டபடி வண்டி நுழைய முடியாது என்பதால் சந்துகளில் வயதானவர்கள் பயமில்லாமல் நடக்கிறார்கள்.

அப்புறம் அந்த அறை. கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளை என்ன செய்யலாம் என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஓட்டலுக்குத் தனிக் கட்டிடமே இல்லை, வரிசையாக நிற்கும் பழைய வீடுகளில் அதுவும் ஒன்று. வாசலில் அலமாரி அகலத்துக்கு ஒரு கதவு, பக்கத்தில் இரண்டு நட்சத்திரம் போட்ட சின்னப் பலகை, அவ்வளவுதான் விளம்பரம். லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடிக்குக் கல்படியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறியதில் தங்கைக்கு மூட்டுவலி வந்துவிட்டது, இதை மறைக்க விரும்பவில்லை, முழங்கால் பிரச்சினை உள்ளவர்கள் முன்பே கேட்டுக்கொண்டு போவது நல்லது. அறை சின்னது, இரண்டு கட்டில், ஒரு மேஜை, ஒரு அலமாரி. சுவர் அத்தனை கனம், ஜன்னல் மாடத்தில் முழங்கை வரை கையை நீட்டினால்தான் மரக்கதவு எட்டியது. அண்ணாந்து பார்த்தால் மர உத்தரங்கள், அவற்றுக்கு மேலே வரிசையாகச் செங்கல். பார்த்ததும் எனக்குத் திருவல்லிக்கேணி வீட்டுக் கூடம்தான் ஞாபகம் வந்தது. நம் மெட்ராஸ் டெரஸ் தளமும் இதே இனம்தானே, தேக்கு உத்தரத்தின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டுக் கட்டுவார்கள், வெயில் காலத்தில் கீழே படுத்தால் விசிறியே வேண்டாம் என்பார் என் பாட்டி. நாங்கள் ஒழுகுகிறது என்று இடிக்கக் கொடுத்த அதே வகைத் தளத்தின் கீழே அவர்கள் படுக்கை விரித்து, உத்தரத்துக்கு எண்ணெய் பூசி, வாடகை வாங்கிச் சம்பாதிக்கிறார்கள்.

குளியலறையை அலமாரி வைக்கிற இடத்தில்தான் கட்டியிருந்தார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று குளிக்க வேண்டும், பருமனானவர்களுக்குச் சிரமம். கூண்டுக்குள் மேலேயிருந்து ஒரு கயிறு தொங்கியது, வழுக்கி விழுந்தால் பிடித்து இழுக்க, கீழே மணி அடிக்குமாம். இரண்டு நட்சத்திர ஓட்டலில் இது! கழிப்பறைக்குப் பக்கத்திலேயே கழுவிக்கொள்வதற்கென்று தண்ணீர்க் குழாயோடு தனித் தொட்டி. ஐரோப்பா என்றாலே காகிதம்தான் என்று பயந்துகொண்டு சொம்பு எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: இத்தாலியில் வீடுகளில் ஒரு குளியலறையிலாவது இந்தத் தொட்டி இருக்க வேண்டும் என்று 1975-லேயே அரசாணை போட்டிருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த ஒரு காகிதம். அந்த அறைக்கு அதிகபட்சம் எவ்வளவு வாங்கலாம் என்று அச்சடித்து ஒட்டியிருந்தார்கள், நாங்கள் கொடுத்தது அதைவிடக் குறைவு. போனதும் பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிந்துகொண்டார்கள், தங்குபவர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கு அனுப்ப வேண்டும் என்பது அங்கே சட்டம். ஊர் வரி என்று தலைக்கு ஒரு சின்னத் தொகை தனியாக வாங்கினார்கள், அதற்கும் ரசீது கொடுத்தார்கள். பேரம் இல்லை, சீசன் என்ற சாக்கு இல்லை. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம்மூர்க் கோயில் நகரம் ஒன்றில் நானும் தங்கையும் ஒரு லாட்ஜுக்குப் போனபோது வரவேற்பில் எழுதியிருந்த கட்டணம் ஒன்று, முகூர்த்த நாள் என்று கேட்டது இன்னொன்று. துணைக்கு ஆம்பிளை யாரும் வரவில்லையா என்று வேறு கேட்டார்கள். அறுபது தாண்டிய இரண்டு பெண்களிடம். ஓர்வியேட்டோவில் அப்படி ஒரு கேள்வியே எழவில்லை.

சாப்பாட்டைச் சொல்லி நேரத்தை வீணாக்கவில்லை. அந்தப் பக்கத்து ரொட்டியில் உப்பே போடமாட்டார்கள், கையோடு கொண்டுபோன மாவடு காப்பாற்றியது.

ஊரைச் சுற்றிப் பார்த்ததில் பேராலயம் பெரிது, 1290-ல் தொடங்கியது, பக்கச் சுவர் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகக் கல்வரிகள், முகப்பில் வெயில் பட்டால் தங்கப் பொடிக்கல் சித்திரங்கள் கண்ணைக் கூசும். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது ஒரு கிணறு. 1527-ல் ரோமைப் படைகள் சூறையாடியபோது போப் ஏழாம் கிளெமென்ட் தப்பி இந்த மலைக்கு வந்துவிட்டார், முற்றுகை வந்தால் தண்ணீருக்கு என்ன செய்வது என்று வெட்டச் சொன்ன கிணறு, பத்து வருஷம் வெட்டினார்கள். 50 மீட்டருக்கு மேல் ஆழம். உள்சுவரைச் சுற்றி இரண்டு படிப்பாதைகள், ஒவ்வொன்றிலும் 248 படி, ஒன்றையொன்று தொடாமல் சுருண்டு இறங்குகின்றன. இறங்குகிற கோவேறு கழுதை ஒரு பாதையில், தண்ணீர் சுமந்து ஏறுகிற கழுதை இன்னொன்றில், எதிரெதிரே முட்டிக்கொள்ளவே வேண்டாம். அடியில் நின்று மேலே பார்த்தேன், வானம் ஒரு வெள்ளிக்காசு அளவுக்குத் தெரிந்தது. தண்ணீருக்காக லாரி பின்னால் குடத்தோடு ஓடிய ஊர்க்காரி நான், அந்தப் புத்திசாலித்தனத்தின் முன்னால் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிட்டேன்.

சரி, இதெல்லாம் தானாக நின்றதா என்றால் இல்லை. வாசகர் நினைப்பதுபோல அவர்கள் கல்லில் விரிசலே விடாது என்பதும் இல்லை. 1970-களில் அந்தப் பாறையே சரியத் தொடங்கியது, ஓரங்கள் பெயர்ந்து விழுந்தன, பழைய குடிநீர்க் குழாயும் சாக்கடையும் கசிந்து உள்ளே இறங்கியதும் ஒரு காரணம். அபாயம், எல்லோரும் கீழே இறங்குங்கள் என்று சொல்லி ஊரைக் காலி செய்திருக்கலாம். அவர்கள் 1978-ல் ஓர்வியேட்டோவுக்கும் பக்கத்து ஊரான தோடிக்கும் என்றே தனிச் சட்டம் போட்டுப் பணம் ஒதுக்கி, பாறையைக் கம்பி இறக்கிக் கட்டி, குழாயையும் சாக்கடையையும் புதிதாகப் பதித்தார்கள். அதற்கும் முன்னால், 1960-ல் குப்பியோ என்ற மற்றொரு மலையூரில் கட்டிட வல்லுநர்களும் நகராட்சிக்காரர்களும் கூடி ஒரு பிரகடனம் வெளியிட்டிருக்கிறார்கள். தேவாலயத்தையும் அரண்மனையையும் மட்டும் காப்பாற்றினால் போதாது, சாதாரண வீடுகள் அடங்கிய பழைய ஊர் முழுவதையும், அதில் குடியிருக்கும் மக்களோடு சேர்த்துக் காப்பாற்ற வேண்டும் என்பது அதன் சாரம்.

நம்மிடம் குறைவது இதுதான் ஐயா. சென்னையில் பாரம்பரியக் கட்டிடம் என்றதும் ரிப்பன் மாளிகை, உயர் நீதிமன்றம், எழும்பூர் ஸ்டேஷன் என்று பெரியவற்றைத்தான் சொல்கிறோம். திருவல்லிக்கேணியில் பெரிய தெருவிலோ சிங்கராச்சாரி தெருவிலோ இருக்கிற திண்ணை வைத்த வீட்டைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-லேயே வந்துவிட்டது, அந்தச் சட்டத்தால் என் தெருவில் ஒரு வீட்டுக்காரருக்குக் கூரை மாற்ற ஒரு ரூபாய் கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை. வீட்டுக்காரர் என்ன செய்வார்? பங்காளிகள் நாலு பேர், பிள்ளைகள் வெளிநாட்டில், பில்டர் வந்து ஜாயின்ட் வென்ச்சர் என்று சொன்னதும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, எங்கள் வீடும் அப்படித்தான் போயிற்று.

இடிக்காமலே வருமானம் வரும் என்றால் கதை வேறு. அதற்கு இத்தாலி வரைக்கும்கூடப் போக வேண்டியதில்லை, புதுச்சேரிக்குப் போனால் போதும். அங்கே தமிழர் பகுதியில் வைசியாள் வீதியில் தாழ்வாரமும் திண்ணையுமாக இருந்த வீடுகளின் முகப்பை ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு ஒரு திட்டத்தில் சீர்செய்தார்கள். அதில் கூட்டாளியாகச் சேர்ந்த ஊர்களில் ஒன்று இத்தாலியின் உர்பினோ, அதுவும் மலையூர்தான். 2008-ல் யுனெஸ்கோவின் பாரம்பரிய விருதும் அந்த வீதிக்குக் கிடைத்தது. அந்தப் பக்கம் இன்று பழைய வீடுகளில் அறை எடுத்துத் தங்க ஜனங்கள் காசு கொடுத்து வருகிறார்கள், சென்னையிலிருந்தே சனி ஞாயிறுகளில் வண்டி வண்டியாகப் போகிறார்கள்.

வெளியூர்க்காரருக்குத் தங்க இடம் கொடுப்பது நமக்குப் புதிதா என்ன? சென்ட்ரல் எதிரே ராஜா சர் ராமசாமி முதலியார் சத்திரம் 1888-ல் வந்தது, ஓர்வியேட்டோவில் அந்த வண்டி ஓடத் தொடங்கிய அதே வருஷம். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் பத்துக்குப் பத்து அறையில் இருந்துகொண்டு வேலை தேடி முன்னுக்கு வந்தவர்கள் இந்தப் பத்திரிகை படிப்பவர்களிலேயே எத்தனையோ பேர் இருப்பார்கள்.

ஆகவே மாநகராட்சியும் சுற்றுலாத் துறையும் ஒன்று செய்யட்டும். திருவல்லிக்கேணி, மயிலாப்பூரில் தொடங்கி, அப்புறம் காஞ்சிபுரம், கும்பகோணம் என்று, பழைய வீட்டில் நாலைந்து அறைகளை ஒழுங்கு பண்ணிப் பயணிகளுக்கு விட முன்வருகிறவருக்கு உரிமத்தை அலைக்கழிக்காமல் கொடுக்கட்டும், அந்த வீட்டுக்குக் குடியிருப்பு விகிதத்திலேயே வரியும் மின்கட்டணமும் போடட்டும், கூரை மாற்றக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்க வழி செய்யட்டும். சுண்ணாம்புக் காரை போடத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும், காரைக்குடிப் பக்கம் அவர்களைத் தேடிப் பிடித்து வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். பதிலுக்கு வீட்டுக்காரரிடம் கறாராகக் கேட்க வேண்டியதையும் கேட்கட்டும்: அறைக் கதவில் கட்டணம் ஒட்டியிருக்க வேண்டும், கழிப்பறை சுத்தமாக இருக்க வேண்டும், தனியாக வரும் பெண்ணைத் திருப்பி அனுப்பக் கூடாது, முகப்பையும் திண்ணையையும் இடிக்கக் கூடாது. பார்த்தசாரதி கோயிலுக்கு வைகுண்ட ஏகாதசிக்கு வருகிற கூட்டத்துக்கும் கபாலீசுவரர் கோயில் அறுபத்துமூவர் விழாவுக்கு வருகிற கூட்டத்துக்கும் கோயிலுக்கு நடக்கிற தூரத்தில் கௌரவமாக ஒரு அறை கிடைக்கும்.

கடிதம் எழுதிய மயிலாப்பூர் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டைக் கொடுப்பதற்கு முன் ஒரு நல்ல கட்டிடப் பொறியாளரைக் கூப்பிட்டு, கூரையை மட்டும் மாற்றினால் என்ன செலவாகும் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் பத்திரிகைக்கும் ஒன்று: ஒரு நிருபரைத் திருவல்லிக்கேணிக்கு அனுப்பினால் பூட்டிக் கிடக்கும் வீடுகளை, மேளதாளம் இல்லாமல், நானே நடந்து காட்டுகிறேன். வீட்டுக்காரர்களில் சிலரை எனக்குத் தெரியும், பேசவும் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
திருவல்லிக்கேணி, சென்னை-5.