எங்களைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'விண்வெளிக்குக் கொட்டும் பணம் வீணா?' என்று கடந்த ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். வீணில்லை என்று முடித்ததில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நடுவே ஒரு வரி: "செயற்கைக்கோள்கள் வந்தபின் புயலில் மீனவர்கள் மாண்டது பழங்கதையாகிவிட்டது."

2017 நவம்பர் 30 தங்களுக்குப் பழங்கதையா ஐயா?

அன்று ஒக்கி புயல் அடித்தபோது என் தங்கை கணவர் தங்கல் தொழிலுக்குப் போய்ப் பதினாறு நாள் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்து விசைப்படகுகள் தூண்டிலுக்குக் கிளம்பினால் வாரக்கணக்கில் கரை திரும்பாது என்பது தாங்கள் அறியாததல்ல. வானத்திலிருந்து படம் எடுத்தாயிற்று, முந்தின நாள் எச்சரிக்கையும் விட்டாயிற்று. ரேடியோவில் வந்தது, டிவியில் வந்தது. படகில் இருந்ததோ ஒரு ஒயர்லெஸ் செட். கரையிலிருந்து கத்தினால் அவ்வளவு தூரம் எட்டாது. 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து கரைக்கு இறங்கிய சேதி கரையிலிருந்து கடலுக்குள் போகவில்லை, அவ்வளவுதான். அவர் பெயர் 'காணாமற்போனோர்' பட்டியலில் இருக்கிறது. உடல் கிடைக்காததால் தங்கை வெகுநாள் தாலியைக் கழற்றவே இல்லை.

மத்திய அரசு செலவழிக்கும் நூறு ரூபாயில் விண்வெளித் துறைக்குப் போவது சுமார் கால் ரூபாய். அதையும் பிடுங்கு என்று சொல்பவன் நானல்ல. கடல்நீரின் சூட்டையும் நிறத்தையும் செயற்கைக்கோள் வழியாகப் பார்த்து, மீன் நிற்கும் இடத்தை ஹைதராபாத்திலிருந்து சொல்கிறார்களே, அதை நம்பிப் போய் டீசல் மிச்சம் பிடித்தவன். சந்திரயான்-3 இறங்கிய அன்று ஏலக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தவனும் நான்தான். 615 கோடியில் நிலவைத் தொட்டோம், சினிமாப் படத்தைவிட மலிவு என்று நீங்கள் நான்கு நாள் எழுதியதையும் பொறுத்துக்கொண்டேன். நாடு முழுக்க ஒரு லட்சம் படகுகளுக்கு, செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலிலும் சேதி எட்டும் கருவி பொருத்த 364 கோடி என்று திட்டம் போட்டு 2024 ஆகஸ்டில் தொடங்கினார்கள். ஒக்கிக்கும் அதற்கும் நடுவே ஏறக்குறைய ஏழு வருஷம். அதைப் பற்றி ஒரு நாளாவது எழுதினீர்களா?

அந்தப் பெட்டி என் படகிலும் இருக்கிறது. வீல்ஹவுஸ் கூரைமேல் வெள்ளையாக உட்கார்ந்திருக்கிறது. உப்புக்காற்றில் வயர் முனை பச்சை பூத்து, விளக்கு எரிவதில்லை. கழற்றிக்கொண்டு போய், பொருத்தியவர்களிடமே காட்டினேன். ஆள் வருவார், படகிலேயே விட்டு வையுங்கள் என்றார்கள். நாலு மாதம். ஆள் வரவில்லை, நான் மூன்று முறை கடலுக்குப் போய்வந்துவிட்டேன்.

இன்னொன்று. வருஷா வருஷம் ராக்கெட் பாகத்தைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் படத்தைப் போடுகிறீர்கள். நல்ல படம்தான். 1963-ல் நம் நாட்டிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய கேரளத்துத் தும்பா ஒரு மீனவ ஊர் என்பதும், மகதலேனா மரியாள் கோவிலையே அலுவலகமாக்கக் கொடுத்தார்கள் என்பதும் அந்தப் படத்தின் அடியில் ஒரு தடவைகூட வந்ததில்லை. கடற்கரையைக் கொடுத்தவனும் நாங்கள், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் பக்கத்துப் பழவேற்காட்டில் வலையைச் சுருட்டிக்கொண்டு கரையில் உட்காருபவனும் நாங்கள். கடைசியில் செலவை நியாயப்படுத்தும் கட்டுரைக்குச் சாட்சியும் நாங்களா?

சென்ற வருஷமும் ஒரு கடிதம் எழுதினேன். இடம் போதவில்லை போலும்.

அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். மீனவர் எச்சரிக்கையை ஒன்பதாம் பக்கத்தில் தங்கம் விலைக்கு அடியில் பொடி எழுத்தில் அச்சிடுகிறீர்கள். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதம் மட்டுமாவது முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தால், விடியலில் கிளம்ப நிற்பவர்களுக்காவது பயன்படும். இடம் இல்லையென்றால் ராசிபலனைக் கொஞ்சம் சுருக்கலாம்.

இப்படிக்கு,
விசைப்படகு உரிமையாளர் ஒருவர்,
தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்.
(பெயர் வேண்டாம்)