செல்லோ சோறு போடுமா?

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கே அனைவரும் நலம். மாவடு ஜாடி உடையாமல் வந்து சேர்ந்தது; அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். உன் மகள், வயலின் இனத்துப் பெரிய கருவியான செல்லோவைத்தான் கற்பேன் என்று அடம்பிடிப்பதாகவும், அது சோறு போடுமா என்றும் கேட்டிருந்தாய். இந்திய சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் பிப்ரவரிக் கச்சேரிகள் முடியட்டும், நேரில் பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். அதை வசந்த காலத் தொடர் என்கிறார்கள். மும்பையில் வசந்தம் ஏது என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள்.

ஜம்ஷெட் பாபா அரங்கத்தின் 1,109 இருக்கைகளில் எனக்குக் கிடைத்தது ஓரத்து இருக்கை. ஆனால் அங்கிருந்து காற்றுக் கருவிக்காரர்கள் நன்றாகத் தெரிந்தார்கள். ஓபோ என்ற ஊதுகருவி ஒரே ஒரு சுரத்தை நீட்ட, அதைப் பற்றிக்கொண்டு மேடை முழுவதும் சுருதி சேர்ந்ததைக் கேட்டிருந்தால், தம்புரா இல்லாத கச்சேரியும் ஒரு கச்சேரியா என்று கேட்கும் நம் மிருதங்க வாத்தியாரே வாய் திறந்திருக்க மாட்டார். ரஷ்ய இசையமைப்பாளர் சாய்காவ்ஸ்கியின் 5-ஆவது சிம்பொனியில் இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில், சுருண்ட பித்தளை ஊதுகருவியான ஹார்னுக்கு நீண்ட தனி வாசிப்பு உண்டு. அதற்குச் சற்று முன்பு, அந்த ஹார்ன்காரர் குழாய்த் துண்டு ஒன்றைக் கழற்றி, மூச்சுக்காற்று உள்ளே சேர்த்திருந்த நீரைத் தரையில் உதறி, மீண்டும் பொருத்திக்கொண்டு ஒன்றும் நடவாததுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு எழுந்த நாதத்தை வருணித்தால் நீ ஆயுள் முழுவதும் கேலி செய்வாய், விட்டுவிடுகிறேன்.

என்னை உறுத்துவது வேறு. வெளிநாட்டிலிருந்து வந்த அந்த ஹார்ன்காரர், தொடர் முடிந்ததும் விமானம் ஏறிவிட்டார். 2006-இல் மும்பையின் என்.சி.பி.ஏ. கலை மையத்தைச் சேர்ந்த குஷ்ரூ சன்டூக்கும் கசக் வயலின் கலைஞர் மராத் பிசென்காலியேவும் இந்த ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கியபோது இங்கே போதிய ஆட்கள் இல்லாததால், கசகஸ்தானிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வரவழைத்தார்கள். இன்றும் ஆண்டு முழுவதும் மும்பையில் இருப்பது சிறு குழுதான். பிப்ரவரியிலும் செப்டம்பரிலும்தான் முழு ஆர்கெஸ்ட்ரா கூடுகிறது. உலகப் புகழ்பெற்ற ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் சுபின் மேத்தாவின் தந்தை மெஹ்லி மேத்தா 1935-லேயே பம்பாய் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கிய ஊர் இது. இந்தி சினிமாவின் ஒலிப்பதிவுக் கூடங்களைக் கோவாக்காரர்களின் வயலின்களும் ட்ரம்பெட்டுகளும் நிறைத்திருந்த ஊர். கீபோர்டு வந்து அந்தப் பிழைப்பைக் கெடுத்த பிறகு, தன் பிள்ளையின் கையில் ட்ரம்பெட்டைக் கொடுக்க எந்தத் தகப்பனுக்குத் துணிவு வரும்?

ராஜாவின் சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறிய இரவில் நீ தூங்கவும் இல்லை, என்னைத் தூங்கவிடவும் இல்லை. வாசித்தவர்கள் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவினர் என்பதை மட்டும் நாம் இருவரும் பேசாமல் கடந்துவிட்டோம். எழுதுவதற்குப் பண்ணைப்புரத்தில் ஒருவர் பிறந்துவிட்டார். அதை வாசிக்க ஒரு மேடை நிறைய ஆட்களை நாம் இன்னும் வளர்க்கவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். ஆர்கெஸ்ட்ராவில் இடம் கிடைக்கும் என்பதை மட்டும் நம்பி எதையும் தொடங்காதே. பாடம் சொல்லிக்கொடுத்தால் சோற்றுக்குக் குறை வராது. பட்டப்படிப்பையும் அவள் விட வேண்டாம். ஆனால் தடுக்காதே. 2012 முதல் இந்த ஆர்கெஸ்ட்ராவே குழந்தைகளுக்கு ஓர் இசைப்பள்ளி நடத்துகிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் மேடையில் நிறைய வேண்டுமானால் இப்படித்தான் நடக்க வேண்டும். செல்லோவில் மனம் முழுதாகப் பதியவில்லையென்றால், ஹார்னையும் ஒருமுறை ஊதிப் பார்க்கச் சொல். உன்னோடு வாதாடியே வளர்ந்தவள், மூச்சுக்குப் பஞ்சம் இருக்காது.

செப்டம்பர் தொடருக்கு அவளை அழைத்துக்கொண்டு வா. மாதுங்காவில் என் வீட்டிலேயே தங்கலாம், டிக்கெட் என் பொறுப்பு. உன் மைத்துனரை மட்டும் தயவுசெய்து கூட்டி வராதே. சிம்பொனி முழுதும் முடியும்வரை காத்திராமல் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கைதட்டிவிட்டு, மற்றவர்கள் ஏன் தட்டவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வருவார்.

அன்புடன்,
உன் மாதுங்காக்காரன்