பிங்காஸ் ஜெப ஆலயத்தில் உதவிய முன்பின் அறியாத அம்மாவுக்கு நன்றி
பிராக் நகரின் பிங்காஸ் என்னும் யூத ஜெப ஆலயச் சுவர்களில், நாஜிகள் கொன்ற ஏறத்தாழ 78,000 செக் யூதர்களின் பெயர்களுக்கிடையே என் பாட்டியின் தங்கையை அவர் பிறந்த ஊரின் கீழ் தேடிக் காணாமல் கழுத்து வலிக்க நின்றிருந்தபோது, கேட்காமலேயே அருகில் வந்து, "முகாமுக்கு அனுப்பப்படும் முன் எங்கே குடியிருந்தார்?" என்று வினவினீர்கள். பெயர்கள் கடைசியாக வசித்த ஊர்வாரியாகவே எழுதப்பட்டவை என்பதை (வருமுன் படித்திருக்க வேண்டும், என் பிழைதான்) அப்போதுதான் அறிந்தேன். சிவப்பில் குடும்பப் பெயர், அடுத்துக் கறுப்பில் அவர் பெயர், பிறந்த நாள், பிறகு 1942இல் ஒரு தேதி. அது இறந்த நாள் அல்ல, உயிரோடிருந்ததாகத் தெரிந்த கடைசி நாள் என்று தாழ்ந்த குரலில் விளக்கினீர்கள். நினைவாகக் கல்லறைமேல் சிறு கல் வைப்பது யூதர் வழக்கம்; கல்லறையே இல்லாதவருக்கு அதை எங்கே வைப்பது என்று நான் தடுமாற, வெளியே ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் சென்றுவிட்டீர்கள். இப்பதிவு உங்களை எட்டுமானால், அம்மா, அந்தக் கல் இன்னும் என்னிடமே இருக்கிறது.